திருப்பிக் கட்டிய கிதார்

போன மாதம் மகளோடு சரவணம்பட்டியில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கிறாள். என்னைப் போலவே இடதுகைக்காரி. கிதார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிப்பு. சுவர் முழுக்க கிதார்கள் தொங்கின. எல்லாவற்றுக்கும் உடம்பில் ஒரே பக்கம் வளைவு வெட்டியிருக்க, ஒன்றுக்கு மட்டும் எதிர்ப்பக்கம். கடையிலிருந்த பெண் அதைக் கழற்றி நீட்டினாள்.

"லெஃப்ட் ஹேண்டுக்குன்னே ரெடியா வருதுங்க சார். கம்பியெல்லாம் மாத்த வேண்டியதில்லீங்க."

"அப்பா, சும்மா புடிச்சுப் பாருங்கப்பா" என்றாள் மகள்.

நான் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். புதுக் கம்பிக்கென்று ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை. அது மூக்கில் ஏறியதும் ஓரடி பின்னால் நகர்ந்தேன். எனக்குக் கிதார் வாசிக்கத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்கும் தெரியாது. இருபது வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள். அப்புறம் அவர் என்னவானார் என்றும் கேட்பார்கள்.

உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வருவேன். நேராக வரத் தைரியம் போதவில்லை.

எங்கள் தோட்டம் அன்னூருக்குப் பக்கத்தில். இடது கையை எங்கள் பக்கம் ஒரட்டாங்கை என்பார்கள். ஏதோ ஒரு வியாதியின் பெயர் மாதிரி இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா என் இடது கையைப் பிடித்துத் தன் முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வாள். "சோத்தாங்கைல தின்னு கண்ணு. நாளைக்குப் பந்தில உக்காந்தா நாலு பேரு சிரிப்பாங்க." எழுதுவதை வாத்தியார் பிரம்பால் வலது கைக்கு மாற்றினார். ஆக, சோறும் எழுத்தும் வலதில். கத்தி, சுத்தியல், கவண், கல்லெறிதல் எல்லாம் இடதில். உலகம் முழுவதையும் வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. கத்தரிக்கோல் வெட்டாது. பம்புசெட் ரூமின் தாழ்ப்பாள் எதிர்ப்பக்கம் இருக்கும். அதனால் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் வந்தது. யாருக்கும் தெரியாமல் சாமான்களை எனக்குத் தோதாக மாற்றி வைத்துக்கொள்வேன். வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிடுவேன். யாரும் திட்டமாட்டார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

ஐ.டி.ஐ. முடித்ததும் கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை கிடைத்தது. தண்ணீர் மோட்டாருக்கு உள்ளே மெல்லிய தகட்டு வளையங்கள் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருப்பார்கள். அந்த வளையங்களை அடிக்கிற பவர் பிரஸ்ஸில் என்னை உட்காரவைத்தார்கள். வேலை ரொம்பச் சுலபம். வலது கையால் தகட்டை எடுத்து அச்சின்மேல் வைக்க வேண்டும். வலது காலால் கீழே இருக்கும் பெடலை அழுத்த வேண்டும். மேலிருந்து இரும்பு இறங்கும். டொம். இடது கையால் வளையத்தை எடுத்துப் போட வேண்டும். மறுபடி தகடு, மறுபடி டொம். நாள் முழுக்க இதுதான். கை உள்ளே போகாமலிருக்க முன்னால் ஒரு தடுப்பு வலை மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். வேகம் குறைகிறது என்று எல்லா மிஷினிலும் அதைக் கழற்றி ஷெட்டின் மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். அந்த வலைகளின்மேல் சிலந்திகள் இன்னொரு வலை கட்டியிருந்தன.

பத்துப் பதினைந்து பிரஸ்கள் ஒன்றாக ஓடும்போது தரையே அதிரும். டீ டம்ளரைக் கீழே வைத்தால் டீயின்மேல் வட்டம் வட்டமாக அலை ஓடும். சேர்ந்த முதல் வாரம் நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் பழகிவிட்டது.

என் மிஷினுக்கு முதுகைக் காட்டியபடி அடுத்த பிரஸ்ஸில் இருந்தவர் சேவியரண்ணன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பார். வார நாட்களில் பிரஸ்ஸின் சத்தத்துக்கு நடுவே ஏதாவது முனகிக்கொண்டே வேலை செய்வார். முனகும்போது அவருடைய இடது கால் சும்மா இருக்காது. தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். வலது கால் கம்பெனிக்கு, இடது கால் கர்த்தருக்கு என்று கேலி செய்வோம். சிரிப்பாரே தவிர நிறுத்தமாட்டார்.

பாடகர் குழுவில் ஒருவர் வளைகுடா போகும்போது விட்டுப்போன கிதாரை ஒரு நாள் என் லைன் வீட்டு அறைக்குக் கொண்டுவந்தார் சேவியரண்ணன். "சும்மாதான் கெடக்குதுங் தம்பி. சாயங்காலத்துல ரூம்ல தனியா உக்காந்து என்ன பண்ணப்போறீங்க? கத்துக்குங்க." நான் ஆசையாக வாங்கி மடியில் வைத்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏனுங் தம்பி, தலைகீழாப் புடிச்சிருக்கீங்க."

கிதாரில் கழுத்துப் பக்கத்துக் கம்பிகளை இடது கை விரல்கள் அழுத்தும், வலது கை கம்பிகளை மீட்டும். எனக்கோ எல்லாம் மாறி வந்தது. ஒரு மாதம் எல்லோரையும் போல வாசிக்கப் பார்த்தேன். வலது கையால் மீட்டினால் உரலில் மாவாட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டம்மா சுவரைத் தட்டி, "ஏனுங், உடம்பு சரியில்லீங்களா?" என்று விசாரித்தார்.

கடைசியில் நான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். ஆறு கம்பிகளையும் கழற்றித் திருப்பிக் கட்டினேன். கழுத்தின் உச்சியில் கம்பிகள் பதிந்து நிற்க ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். அதில் வெட்டியிருக்கும் காடிகள் கம்பியின் தடிமனுக்கு ஏற்றபடி இருக்கும். திருப்பிக் கட்டினால் தடித்த கம்பி மெல்லிய காடியில் உட்காராது. கம்பெனியிலிருந்து ஒரு சின்ன அரம் கொண்டுவந்து ராவினேன். எல்லாம் முடித்து, கிதாரை இடது பக்கமாகப் பிடித்து ஒரு மீட்டு மீட்டினேன் பாருங்கள், அந்தச் சத்தத்தை என்னால் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வயது வரை யார் யாரோ கையில் இருந்த ஏதோ ஒன்று என் கைக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சேவியரண்ணன் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒத்துக்கறனுங். ஆனா இதைய வேற ஒருத்தரும் வாசிக்க முடியாது, பாத்துக்குங்க. தெரியாம எடுத்தாங்கன்னா கொழம்பிப் போயிருவாங்க."

அதை ஒரு பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் எதிரெதிரே உட்காருவோம். அவர் இடது கை விரல்கள் எங்கே போகின்றனவோ, எதிரே என் வலது கை விரல்கள் அங்கே போக வேண்டும். கண்ணாடியைப் பார்த்துத் தலைவாரிக்கொள்கிற மாதிரி. புத்தகத்தில் இருக்கும் படங்கள் எதுவும் எனக்கு உதவாது. அவர் விரல்கள்தான் என் புத்தகம். நீளமான, முட்டி தெரியாத விரல்கள். நாளெல்லாம் தகடு பிடித்த விரல்கள் எப்படி அவ்வளவு மெதுவாக இறங்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி மீட்டும் ஸ்வரக்கட்டுகளில் நான்கு மூன்று மாதத்தில் பிடிபட்டன. என் வலது கை விரல் நுனிகள் முதலில் சிவந்து, கொப்புளித்து, உரிந்து, மறுபடி கொப்புளித்தன.

இனிமேல்தான் மிஷினுக்கு வருகிறேன்.

கிதாரைத் திருப்பிக் கட்டியதில் எனக்கு ஒரு திமிர் வந்திருந்தது. கம்பியை மாற்றினால் கிதார் நமக்குப் பணிகிறது, பெடலை மாற்றினால் பிரஸ் பணியாதா? வலது காலும் வலது கையும் எனக்கு எப்போதும் ஒரு விநாடி பின்தங்கித்தான் வரும். சூப்பர்வைசர் நாச்சிமுத்து அதற்காகவே என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். பெடலைப் பிடித்திருந்த சட்டத்துக்கு இரண்டே போல்ட்டுகள். கழற்றி இடது பக்கம் நகர்த்தி முடுக்கினால் ஆயிற்று. ஒரு நாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நகர்த்திப் பார்த்தேன். தகட்டை இடது கையால் வைத்து, இடது காலால் அழுத்தி, வலது கையால் எடுத்தேன். அன்று மாலை என் வளையப் பெட்டி எல்லோர் பெட்டிக்கும் முன்னால் நிறைந்தது. நாச்சிமுத்து தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கேட்டால் விடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. தினமும் காலையில் முதல் ஆளாக வந்து பெடலை இடது பக்கம் நகர்த்துவேன். மாலையில் கடைசி ஆளாக நின்று வலது பக்கம் திருப்பி வைப்பேன். இரண்டு போல்ட், ஐந்து நிமிடம். கண்ணை மூடிக்கொண்டே செய்கிற அளவுக்குக் கை பழகிவிட்டது.

ஒரே ஒரு தடவை ஒரு எச்சரிக்கை வந்தது. ஷெட்டைப் பெருக்கும் ராசம்மாக்கா மத்தியானம் நான் கை கழுவப் போயிருந்தபோது என் மிஷினுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டிருக்கிறார். கட்டை பெடலில் பட்டது. வெறும் அச்சின்மேல் இரும்பு இறங்கியது. டொம். நான் திரும்பி வந்தபோது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பெடல் இருக்க வேண்டிய வலது பக்கத்தைக் காட்டினார்.

"ஏனுங் கண்ணு, இது எப்பவும் அக்கட்டயல்ல இருக்கும்?"

"மிஷினு ரிப்பேருங்க்கா. நீங்க அடியில பெருக்க வேண்டாம்" என்றேன். அதன் பிறகு அவர் என் மிஷினைச் சுற்றிக்கொண்டு போவார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. சிரித்தேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

அது நடந்து இரண்டு வாரம் இருக்கும். கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழுவில் என்னையும் ஒரு பாட்டுக்கு வாசிக்க வைப்பதாக சேவியரண்ணன் சொல்லியிருந்தார். அந்த உற்சாகத்தில் நான் நாள்தோறும் மணிக்கணக்காக அழுத்திப் பழகியதில் வலது கை விரல்கள் புண்ணாகிவிட்டன. தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். பத்தரை மணி டீக்கு முன்னால் ஒரு வளையத்தை எடுக்கப் போனேன். நடுவிரல் நுனித் தோல் அப்படியே பிய்ந்துவிட்டது. ரத்தம் தகட்டில் சொட்டியது. வளையத்தை எடுக்காமல் அச்சிலேயே விட்டுவிட்டுக் கையை உதறினேன்.

சேவியரண்ணன் திரும்பிப் பார்த்தார். தன் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "காட்டுங். அட ஏனுங், இத்தன புண்ண வெச்சுட்டா வேல செய்யறீங்க? போயி மருந்து போட்டுக் கட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் உக்காந்துக்கறேன்."

நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். 'அண்ணா, பெடல் இடது பக்கம் இருக்குது.' இவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சேவியரண்ணனுக்குப் பின்னால் இரண்டடியில் நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் காதில் விழும். என் கெட்டிக்காரத்தனம் வெளியே வந்துவிடும். உட்கார்ந்ததும் வலது காலால் துழாவிப் பார்த்து அவரே தெரிந்துகொள்வார் என்று நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைத்ததாகப் பின்னால் ஏற்படுத்திக்கொண்டேனா, இன்றுவரை தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு மருந்துப் பெட்டி இருந்த ஆபீஸ் சுவரைப் பார்த்து நடந்தேன்.

இருபது அடி நடந்திருப்பேன்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. பிரஸ் இறங்கும் வழக்கமான டொம்தான். அந்த ஷெட்டில் ஒரு நாளைக்குப் பல்லாயிரம் தடவை கேட்கிற சத்தம். ஆனால் நான் நின்றுவிட்டேன். அதற்கப்புறம்தான் அவருடைய குரல் வந்தது. அது அலறல் இல்லை. யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி "ஆ?" என்று கேட்டார்.

அவர் ஒரு துண்டுகூட அடித்திருக்கவில்லை. நான் விட்டுப்போன வளையத்தை முதலில் எடுத்துப் போடலாம் என்று இடது கையை உள்ளே விட்டிருக்கிறார். வழக்கம்போல ஏதோ முனகியிருக்கிறார். இடது கால் தட்டியிருக்கிறது.

வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். கம்பெனி வேனில் ஏற்றினார்கள். நாச்சிமுத்துவும் கூடப் போனார். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே கூட்டமாக நின்றார்கள். நான் ஷெட்டுக்குள் திரும்பி வந்தேன். உள்ளே யாரும் இல்லை. எல்லா மிஷினும் நின்றிருந்தன. வேலை நேரத்தில் அந்த ஷெட் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததேயில்லை. ஸ்பேனரை எடுத்தேன். குனிந்தேன். இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். பெடலை வலது பக்கம் வைத்து முடுக்கினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

தினமும் செய்கிற பழக்கத்தில் கை தானாகச் செய்துவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பழக்கமில்லை. என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிமிர்ந்தபோது வாசலில் விளக்குமாற்றோடு ராசம்மாக்கா நின்றிருந்தார். என்னையும் ஸ்பேனரையும் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதற்கப்புறம் பேசவில்லை.

மறுநாள் விசாரணை நடந்தது. மிஷினைப் பார்த்தார்கள். பெடல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. விபத்துப் பதிவேட்டில் சேவியரண்ணன் பெயருக்கு நேரே 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று நாச்சிமுத்து எழுதினார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். கையெழுத்தை வலது கையால்தான் போட்டேன், விரலில் கட்டோடு.

இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. மோதிர விரலில் பாதி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி பிலோமினா அண்ணி உட்கார்ந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. சேவியரண்ணன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தப் பெடலு எந்தப் பக்கமுங்க இருந்துச்சு?"

அண்ணியும் என்னைப் பார்த்தார்.

"வலது பக்கந்தானுங்கண்ணா" என்றேன்.

"ஓ" என்றார். மறுபடி கூரையைப் பார்த்தார். "அப்ப நான்தான் ஏமாந்துட்டனாட்டம் இருக்குது."

"எத்தன தடவ சொல்லியிருப்பேன், வேலைல பாட்டுப் பாடாதீங்க, பாட்டுப் பாடாதீங்கன்னு" என்று அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தார்.

நான்கு மாதம் கழித்து அவரைக் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். கவனமில்லாத ஆளுக்கு மறுபடி மிஷின் தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். காலையில் நான் உள்ளே போகும்போது அவர்தான் கேட்டைத் திறந்துவிடுவார். நான் பெடலைத் தொடுவதை நிறுத்தியிருந்தேன். வலது காலால் மெதுவாகவே அடித்தேன். நாச்சிமுத்து மறுபடி திட்ட ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அறைக் கதவு தட்டப்பட்டது. சேவியரண்ணன். பூசை முடிந்து நேராக வந்திருந்தார்.

"உங்க கிட்டாரு இருக்குதுங்களா தம்பி? என்ற கிட்டாரு இனி எனக்கு ஆகாது. ஆனா உங்களுது ஆகுமுங்க. வலது கை நல்லாத்தான இருக்குது, அதுல அழுத்திக்கலாம்."

விபத்துக்கு அப்புறம் நான் அதைத் தொடவேயில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். மீட்டுகிற சின்ன வில்லையைப் பிடிக்க இடது கையில் விரல் போதவில்லை. பிலோமினா அண்ணி எலாஸ்டிக் வைத்து ஒரு பட்டி தைத்துக் கொடுத்திருந்தார். அதை உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு, வில்லையை அதில் செருகிக்கொண்டார்.

இப்போது நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் இடதுகைக்காரர்கள் ஆகிவிட்டதால் எதிரெதிரே உட்கார்ந்தால் குழப்பம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அதுவும் நல்லதாகப் போயிற்று. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பத்து வருடம் வாசித்த மனிதர், முதல் ஸ்வரக்கட்டுக்கு வலது கை விரல்களை ஒவ்வொன்றாக இடது கைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி வைத்தார். எங்கே போக வேண்டும் என்று மனசுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் இருப்பதைவிடக் கொடுமை. கம்பி கரகரத்தது. "பரவால்லீங்க. மறுக்கா" என்பார். என்னிடம் சொல்வதா, விரல்களிடம் சொல்வதா என்று தெரியாது.

நான்கைந்து வாரம் போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் முனகிக்கொண்டுதான் வாசித்தார். ஆனால் தாளத்துக்குக் கால் அசையவில்லை. இடது காலை நாற்காலியின் காலுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றி இறுக்கி வைத்திருந்தார். கட்டிப்போட்ட மாதிரி. எழுந்திருக்கும்வரை அதை விடவேயில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். இந்த மனிதருக்குத் தெரியும் என்று தோன்றியது. தெரிந்துகொண்டே வாராவாரம் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். எதற்காக? கேட்கவும் முடியாது. சனிக்கிழமையிலிருந்தே எந்தக் கதவு தட்டும் சத்தம் கேட்டாலும் அவரோ என்று வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

அடுத்த கிறிஸ்துமஸில் அவர் சர்ச்சில் ஒரு பாட்டுக்கு வாசித்தார். மூன்றே ஸ்வரக்கட்டுகள். ஒரு இடத்தில் தப்பியது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. வெளியே வந்து கேக் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் அவரைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. முடித்தது நினைவிருக்கிறது.

"பெடலு இடது பக்கந்தானுங்கண்ணா இருந்துச்சு. நான்தான் மாத்தி வெச்சிருந்தேன். பொறவு திருப்பி வெச்சதும் நான்தான்."

கையிலிருந்த கேக்கை அவர் பக்கத்துச் சுவர்மேல் வைத்தார்.

"எனக்குத் தெரியுமுங்க தம்பி. பெடலு எறங்குனது என்ற இடது காலுக்கு அடியிலதானுங்க. காலுக்குத் தெரியாதுங்களா?"

"அப்பறம் ஏனுங்கண்ணா ஆஸ்பத்திரில என்கிட்டக் கேட்டீங்க?"

"என்ன சொல்லுவீங்கன்னு பாக்கத்தான்."

குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. அந்த நோட்டுல என்ற பேருக்கு நேரா எழுதியிருக்குதல்ல, கவனமில்லாம போச்சுன்னு. அதைய மட்டும் மாத்தச் சொல்லிப்போடுங்க. தெனமும் கேட்டுல நிக்கறனுங்க. உள்ள போறவனெல்லாம் அந்தக் கண்ணுலதான் பாக்கறான். ஊட்லயும் அதே பேச்சுத்தான்."

"திங்கக்கெழம போயிச் சொல்லிப்போடறனுங்கண்ணா."

"சரிங்க. நீங்களே சொன்னாத்தான் எடுபடுமுங்க" என்றார்.

திங்கட்கிழமை போனேன். நாச்சிமுத்துவின் மேஜைக்கு முன்னால் நின்றேன். "என்னப்பா?" என்றார். அரை நாள் லீவு வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார். கேட்டில் சேவியரண்ணன் நின்றிருந்தார். அவ்வளவு சீக்கிரம் நான் வெளியே வருவதைப் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டார். அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். சேவியரண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து, கிதாரை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் என் வாழ்க்கை நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

இசைக்கடைக்குப் போய்வந்த மறுவாரம் கணபதிக்குப் போனேன். அந்த ஷெட் இல்லை. அந்த இடத்தில் ஒன்பது மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. பிரஸ்கள் அதிர்ந்த தரையைத் தோண்டி, கீழே கார் நிறுத்துகிறார்கள். அங்கே ஒரு கம்பெனி இருந்தது என்பதே காவலாளிக்குத் தெரியவில்லை. நாச்சிமுத்துவின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறதாம். "கம்பெனிய மூடறப்ப நோட்டு, ஃபைலு எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சுங்களே" என்றார் அவர் மகன். நான் திருத்த வேண்டிய அந்த ஒரு வரி எந்த ஊரிலோ காகிதக் கூழாகப் போய்விட்டது.

சர்ச் ஆபீசில் விசாரித்து, தொண்டாமுத்தூர்ப் பக்கம் மகனோடு இருக்கும் பிலோமினா அண்ணியைக் கண்டுபிடித்தேன். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு ஓரமாக வீடு. போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்து, வாங்க என்றார். முடியெல்லாம் நரைத்திருந்தது. சுவரில் சேவியரண்ணன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். நெஞ்சு வலி, மூன்று வருடம் ஆகிறது என்றார். கிதார் என்னவானது என்று நான் கேட்கவில்லை.

"வெளிச்சம் இருக்கறப்பவே கெளம்பிருங்க. ஆனை எறங்குதுன்னு நாங்க ஆறு மணிக்கே கதவைச் சாத்திருவோமுங்க" என்றார்.

நின்றபடியே சொன்னேன். பெடல், போல்ட், ஸ்பேனர், ஆஸ்பத்திரியில் அண்ணி எதிரிலேயே நான் சொன்ன பொய், கிறிஸ்துமஸ், திங்கட்கிழமை. ஒன்றையும் விடவில்லை. அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. முடித்ததும் சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு என்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களே" என்றார். "சாகற அன்னைக்குங்கூடத் திட்டினனுங்க. பாட்டுப் பாடிக் கையத் தொலச்ச மனுசன்னு. கேட்டுட்டுச் சும்மாதானுங்க உக்காந்திருந்தாரு."

எழுந்து உள்ளே போனார். நான் காத்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. தோப்புக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. மணி ஆறைத் தாண்டியிருந்தது. கதவு அகலத் திறந்தே கிடந்தது. வந்து சாத்துங்கள் என்று கூப்பிடக்கூட எனக்கு வாய் வரவில்லை.